விசைப்பலகையை அறிந்து வாங்குவோம்



தோட்டத்தில் பாடுபடும் ஒருவரிடம் கருவிகளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இளஞ்செம்பனை மரத்தில் குலையை இறக்க உளி வேண்டும். மரம் ஓங்கி வளர்ந்துவிட்டால் நீண்ட கழியின் நுனியில் அரிவாள் வேண்டும். பால்மரம் வெட்டும் கத்தியோ முற்றிலும் வேறு. எந்த மரத்துக்கு எந்தக் கருவி என்பது நம் கைக்கே தெரியும்.

ஆனால், நம் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான். கணினிக்கு ஒரு விசைப்பலகை வேண்டும் என்கிறான். கடைக்குப் போகிறோம். "இது விண்டோஸ் கணினிக்கு உரியது, அது மெக் கணினிக்கு உரியது, இது இயந்திர விசைப்பலகை, விலை பல மடங்கு" என்று கடைக்காரர் அடுக்குகிறார். அங்கே நாம் வாய்மூடி நிற்கிறோம். பிறகு, விலை கூடியதே நல்லது என்று எண்ணி வாங்கி விடுகிறோம். அல்லது விலை குறைந்ததே போதும் என்று எடுத்து வருகிறோம். இரண்டுமே அறிந்து வாங்கியதாகாது. நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்த பணம் அல்லவா? ஆகவே, இன்றைய பேச்சில் விசைப்பலகை என்னும் இந்தக் கருவியைச் சற்று விரிவாக அறிந்துகொள்வோம்.

முதலில் ஒரு கேள்வி. விசைப்பலகையில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுகிறோம். கணினித் திரையில் 'ஏ' தோன்றுகிறது. அப்படியானால் விசைப்பலகை கணினிக்கு அந்த எழுத்தை அனுப்பியது என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

பழைய தட்டச்சுப் பொறியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868-ஆம் ஆண்டில் ஒரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். ரெமிங்டன் நிறுவனம் அதைச் செம்மைப்படுத்தி 1874-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நாம் காணும் ஆங்கில எழுத்து வரிசை அந்தப் பொறியிலிருந்து வளர்ந்ததே. மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்து அதனை 'குவெர்ட்டி' என்று அழைக்கிறார்கள்.

அந்தப் பொறியில் எழுத்து எங்கே இருந்தது? இரும்புக் கம்பியின் முனையில் வார்க்கப்பட்டிருந்தது. விசையைத் தட்டினால் கம்பி எழும்பி, மை நாடாவில் மோதி, தாளில் எழுத்தைப் பதிக்கும். ஆங்கிலப் பொறியில் ஆங்கிலம் மட்டுமே அடிக்கலாம். தமிழ் வேண்டுமென்றால் தமிழுக்கென்று தனிப் பொறியே செய்ய வேண்டும். தமிழ் எழுத்துகளோ 247. அத்தனையையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளில் எப்படி அடக்குவது?

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நம் பகுதியில் வாழ்ந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயா சிங்கப்பூர்ப் பகுதிக்கு வந்து பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களே அவர். எழுத்தின் மேல் விழும் குறிகளுக்கு, தட்டினாலும் வண்டி நகராமல் நிற்கும் விசைகளை அமைத்தார். அவருடைய அமைப்பின்படி ஜெர்மனியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிகள் செய்யப்பட்டன.

இனி, கணினியின் விசைப்பலகைக்கு வருவோம். இதில் இரும்பு எழுத்துகள் கிடையா. ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அந்த எண் மட்டுமே கம்பி வழியாகவோ, கம்பியில்லாமலோ கணினிக்குப் போகிறது. இன்று வழக்கத்திலுள்ள யு.எஸ்.பி. விதியின்படி 'ஏ' விசையின் எண் 4; 'பி' விசையின் எண் 5; இப்படியே போய் 'இசட்' விசையின் எண் 29. கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். 4 என்ற எண் வந்தால் என்ன எழுத்தைக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது அந்த இயங்குதளமே. ஆங்கிலம் என்று சொல்லி வைத்திருந்தால் 'ஏ' வரும். தமிழ் 99 என்று சொல்லி வைத்திருந்தால், அதே எண்ணுக்கு 'அ' வரும்.

நிறுவைக் கொட்டகையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் கிராணியார் புத்தகத்தைப் புரட்டிப் பெயரைக் கண்டுகொள்வார். விசைப்பலகை எண்ணைச் சொல்கிறது. புத்தகம் கணினியிடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால், விண்டோஸ் கணினிக்கு ஒரு பலகை, மெக் கணினிக்கு ஒரு பலகை என்று ஏன் பிரித்து விற்கிறார்கள்? வேற்றுமை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கீழ் வரிசையில், இடைவெளி விசையின் இரு பக்கங்களிலும் உள்ள இரண்டு மூன்று விசைகளில்தான் இருக்கிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'மாடல் எம்' என்னும் புகழ்பெற்ற விசைப்பலகையில் 101 விசைகள் இருந்தன. அதன் கீழ் வரிசையில் 'கண்ட்ரோல்', 'ஆல்ட்' என்னும் இரண்டும்தாம் இருந்தன. 1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் புதிய பலகை ஒன்றில் இவற்றின் நடுவே சாளரப் படம் போட்ட விசையைச் சேர்த்தது. அதுவே விண்டோஸ் விசை. ஆப்பிள் நிறுவனமோ 1984-இல் வந்த தன் மெக்கின்டாஷ் கணினியிலேயே 'கமாண்ட்' என்ற விசையை வைத்துவிட்டது. அந்த விசையிலுள்ள முடிச்சுப் போன்ற குறியைத் தேர்ந்தெடுத்தவர் சூசன் கேர் என்னும் அம்மையார். சுவீடன் நாட்டுச் சாலையோரங்களில், பார்க்கத் தகுந்த இடம் என்று காட்டுவதற்கு வைக்கும் குறி அது.

இப்போது ஓர் உண்மையைக் கவனியுங்கள். விண்டோஸ் விசையின் எண் 227. மெக் கணினியின் கமாண்ட் விசைக்கும் அதே 227-தான். 'ஆல்ட்' விசையின் எண் 226. மெக் கணினியில் 'ஆப்ஷன்' எனப்படும் விசைக்கும் அதே எண். பெயர் வேறு, படம் வேறு. உள்ளே போகும் எண் ஒன்றே. ஆகவே, விண்டோஸ் பலகையை மெக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும். குரோம்புக்கில் செருகினால், விண்டோஸ் விசை அங்கே தேடல் விசையாகிவிடும். லினக்ஸ் கணினியில் அதற்கு 'சூப்பர்' என்று பெயர். உரிய இணைப்பி இருந்தால் கைப்பேசியிலும் பலகைக் கணினியிலும்கூட அதே விசைப்பலகை எழுதும்.

பிறகு சிக்கல் என்ன? இடம்தான் சிக்கல். விண்டோஸ் பலகையில் இடைவெளி விசைக்குப் பக்கத்தில் இருப்பது ஆல்ட்; அதற்கு அடுத்தது விண்டோஸ் விசை. மெக் பலகையில் பக்கத்தில் இருப்பது கமாண்ட், அடுத்தது ஆப்ஷன். இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. மெக் கணினியில் ஒரு வரியைப் படியெடுக்கக் கமாண்டையும் 'சி'யையும் சேர்த்து அழுத்த வேண்டும். விண்டோஸ், குரோம்புக், லினக்ஸ் ஆகியவற்றில் கண்ட்ரோலையும் 'சி'யையும் சேர்த்து அழுத்த வேண்டும். பழகிய விரல் பழகிய இடத்துக்கே போகும். அங்கே வேறு விசை இருந்தால் வேலை தடைப்படும்; எரிச்சலும் வரும்.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு, அதுவும் செலவில்லாமல். மெக் கணினியின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், இந்த இரண்டு விசைகளையும் இடம் மாற்றிக்கொள்ளும்படி சொல்லிவிடலாம். எண் ஒன்றுதான், புத்தகம் கணினியிடம் இருக்கிறது என்று சொன்னோமே, அதனால் வந்த வசதி இது.

சரி, இயந்திர விசைப்பலகை என்கிறார்களே, அது என்ன? சாதாரணப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிறு குமிழ்கள் நிறைந்த ஒரு விரிப்பு இருக்கும். நம் தோட்டத்துப் பாலில் செய்த ரப்பர் அன்று. பெரும்பாலும் சிலிக்கோன் என்னும் செயற்கை ரப்பர். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, கீழேயுள்ள இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றோடொன்று தொடச் செய்யும். செய்வதற்கு மலிவு, ஆகவே விற்பதற்கும் மலிவு. ஆனால், நாளடைவில் குமிழ் தளர்ந்துவிடும். ஒரு விசை கெட்டால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரும்.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனிப் பெட்டி இருக்கும். அதற்குள்ளே ஒரு சுருள்வில்லும் ஒரு தொடுமுனையும் இருக்கும். 1980-களில் ஜெர்மனியில் செர்ரி நிறுவனம் கொண்டு வந்த 'எம்.எக்ஸ்.' என்னும் விசைப்பெட்டி இவற்றுள் பெயர் பெற்றது. அதன் வழக்கமான வகையில் விசை 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எண் கணினிக்குப் போய்விடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. நீண்ட நேரம் எழுதுவோரின் விரலுக்கு அது ஓய்வு.

இந்தப் பெட்டிகளை நிறத்தால் அடையாளம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பில் நடுவழியில் ஒரு சிறு தடை விரலுக்குத் தெரியும். நீலத்தில் அந்தத் தடையோடு 'டக்' என்ற ஓசையும் எழும். நீலத்தை வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். விடியற்காலைப் பெரட்டுக்குப் போக வேண்டிய தந்தை அடுத்த அறையில் உறங்குவார். இரவு பதினொரு மணிக்கு மகன் கட்டுரை எழுதினால் லயத்து வீட்டில் அந்த ஓசை சுவரைத் தாண்டும்.

முன்னாளில் விலை கூடிய கணினிகளோடு இத்தகைய உறுதியான பலகைகளே வந்தன. 'மாடல் எம்' இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட பெரிய பலகையிலும் இயந்திர விசைகளே இருந்தன. பின்னர் கணினியின் விலை இறங்கியபோது, பலகையின் தரமும் இறங்கியது. நாள்தோறும் எழுதியே பிழைப்பவர்கள் பழைய பலகைகளைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் பழையவை புதிய கணினியில் நேரே பொருந்தவில்லை, இணைப்பியே வேறு. 1998-இல் வந்த ஐமெக் கணினி யு.எஸ்.பி. இணைப்பியை மட்டுமே ஏற்றது. 'மாடல் எம்' பலகையிலோ விண்டோஸ் விசை கிடையாது. மெக்கில் கமாண்ட் விசையாக வேலை செய்ய வேண்டிய 227 என்ற எண்ணை அனுப்ப அதில் விசையே இல்லை.

இப்படித்தான், எழுதுவதற்கு உறுதியும் வேண்டும், தம் கணினிக்கு ஏற்ற விசைகளும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அமெரிக்காவில் யூனிகாம்ப் என்னும் நிறுவனம் 'மாடல் எம்' வகையை 1996 முதல் தொடர்ந்து செய்து, மெக் விசைகளோடும் விற்று வந்தது. கனடாவில் மத்தையாஸ் என்னும் நிறுவனம் மெக் கணினிக்கென்றே இயந்திர விசைப்பலகை செய்தது. வாங்குவோர் சிலராக இருந்தவரை விலை அதிகமாகவே இருந்தது. 2014-ஆம் ஆண்டளவில் செர்ரி விசைப்பெட்டியின் காப்புரிமைக் காலம் முடிந்தது. சீனத் தொழிற்சாலைகள் அதே வடிவில் பெட்டிகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கின. விலை இறங்கிற்று. கணினி விளையாட்டு ஆடும் இளைஞர்களும் வாங்க முன்வந்தார்கள்.

இன்று ஒரே வீட்டில் அண்ணனிடம் விண்டோஸ் மடிக்கணினி, தங்கையிடம் குரோம்புக், அப்பாவிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி என்று இருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே, எல்லாவற்றுக்கும் பொருந்தும் பலகை வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். அதற்கு விடையாக, விண்டோஸ், மெக் என்று மாற்றிக்கொள்ள ஒரு சிறு மாற்றியைப் பக்கவாட்டில் வைத்த பலகைகள் வந்துள்ளன. அந்த மாற்றியைத் தள்ளினால், 226, 227 என்ற இரண்டு எண்களையும் பலகையே இடம் மாற்றி அனுப்பும். சிலவற்றில் இரு வகை விசைமூடிகளும் உடன் வருகின்றன. வேண்டியதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

நேயர்களே, இனி நம் மொழிக்கு வருவோம். "இந்தப் பலகையில் தமிழ் எழுத்து இல்லையே, இதில் எப்படித் தமிழ் எழுதுவது?" என்று பலர் தயங்குகிறார்கள். தமிழில் எழுத வேண்டிய கடிதத்தையும் வாழ்த்தையும் ஆங்கில எழுத்திலே எழுதி அனுப்பும் பழக்கம் நம் இளைஞரிடையே பெருகியதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். தட்டச்சுப் பொறிக் காலத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. இன்று நியாயமில்லை.

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு ஒன்று கூடியது. சிங்கப்பூர்க் கல்வியாளர் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றோர் கணினித் தமிழுக்காக உழைத்துவந்த காலம் அது. அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் விசையமைப்பு உருவாகி, தமிழ்நாடு அரசின் ஏற்பையும் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களுக்குரிய எழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில் என்பதே அதன் அடிப்படை.

'அம்மா' என்ற சொல்லைத் தமிழ் 99-இல் எழுதிப் பார்ப்போம். 'ஏ' விசையைத் தட்டினால் 'அ'. 'கே' விசையைத் தட்டினால் 'ம'. மீண்டும் 'கே' தட்டினால் இன்னொரு 'ம' வருவதோடு, முதல் 'ம' தானாகவே புள்ளி பெற்று 'ம்' ஆகிவிடும். பிறகு 'கியூ' விசை, அது 'ஆ'. 'ம'வோடு சேர்ந்து 'மா' ஆகிறது. நான்கே தட்டில் அம்மா! பலகை அனுப்பியது 4, 14, 14, 20 என்ற நான்கு எண்களை மட்டுமே. அந்த எண்களை அம்மாவாக்கியது கணினியிலுள்ள தமிழ். இந்த அமைப்பு இன்று விண்டோஸ், மெக், லினக்ஸ், குரோம்புக் ஆகிய நான்கிலும் கிடைக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் எழுதுவதற்கென்று தனிப் பலகை வாங்க ஒரு வெள்ளிகூடச் செலவிட வேண்டியதில்லை. தொடக்கத்தில் பிள்ளைக்கு இடம் நினைவுக்கு வரவில்லை என்றால், ஓர் அட்டையில் விசைப்படத்தை வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் பழகினால் விரலுக்கே வழி தெரிந்துவிடும்.

கடைசியாக, கடைக்குப் போகுமுன் நினைவில் வைக்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்வோம்.

ஒன்று: யார் எழுதப் போகிறார்கள் என்று பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு விலை கூடிய இயந்திர விசைப்பலகை தேவையில்லை; சாதாரணப் பலகையே போதும். நாள்தோறும் பல மணி நேரம் எழுதும் கல்லூரி மாணவருக்கும், எழுத்து வேலை செய்வோருக்கும் இயந்திர விசைப்பலகை செலவுக்கேற்ற பயன் தரும்.

இரண்டு: வீட்டிலுள்ள கணினிகள் எவை, அவற்றின் இணைப்பி எது என்று குறித்துக்கொண்டு போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருந்தால், மாற்றி வைத்த பலகையைக் கேளுங்கள். மாற்றி இல்லை என்பதற்காகக் கையிலுள்ள நல்ல பலகையை எறிந்துவிடாதீர்கள். அமைப்புகளிலேயே மாற்றலாம் என்பதை இப்போது அறிவீர்கள்.

மூன்று: கெட்ட விசைப்பெட்டியைக் கையாலேயே கழற்றி வேறு மாட்டக்கூடிய பலகை கிடைத்தால் அது நல்லது. கணினி பழையதாகிப் போன பின்னும் அந்தப் பலகை உழைக்கும். அண்ணனுக்குப் பின் தம்பிக்கும் உதவும்.

நான்கு: தட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓசையைக் கேளுங்கள். 'எஃப்', 'ஜே' விசைகளில் சிறு மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கண்ணால் பாராமல் விரலை வைக்கும் இடத்தைக் காட்டுவது அதுவே.

ஐந்து: விசைப்பலகையின் பக்கத்தில் தேத்தண்ணிக் குவளையை வைக்காதீர்கள். கொட்டிவிட்டால் உடனே இணைப்பைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்து, நன்கு உலர்ந்த பிறகே மீண்டும் இணையுங்கள்.

நேயர்களே, விசைப்பலகையின் மேல் அச்சிட்டிருப்பது ஆங்கில எழுத்தாக இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். அவை மேலேயுள்ள மூடிகள் மட்டுமே. உள்ளே ஓடுவது எண். அந்த எண்ணுக்கு எந்த மொழியைப் பேசச் சொல்வது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. இன்று மாலை வீட்டிலுள்ள கணினியைத் திறந்து, தமிழ் 99-ஐச் சேர்த்து, உங்கள் பிள்ளையை அவனுடைய பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தாயும் தந்தையும் அருகில் அமர்ந்து தங்கள் பெயரையும் எழுதிப் பாருங்கள்.